‘பரவாயில்லை’ என்று சொன்னவன்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. என் தம்பி கொண்டுவந்து கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. கூடவே ஒரு வேலையையும் என் தலையில் கட்டப் பார்த்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தான். நான் சமையலறையில் அடைத்துக்கொண்ட சிங்க்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வந்தவன் ஒத்தாசைக்கு வராமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேஜை மேலிருந்த ஜாம் பாட்டிலின் லேபிளை நகத்தால் உரிக்க ஆரம்பித்தான். சின்ன வயதிலிருந்தே அவன் எதையாவது உரித்துக்கொண்டிருந்தால் வீட்டில் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

“அக்கா, ஒரு கதை இருக்கு. எழுதுறியா?”

நான் எழுத வந்து இத்தனை வருஷத்தில் அவன் என் கதை ஒன்றையாவது முழுசாகப் படித்தான் என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. அதனால் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

“யாரோட கதை?”

“ஒருத்தன். எங்க சைக்கிள் குரூப்ல இருக்கிறவன். அவன் பண்ணின தப்புக்கு இன்னொருத்தங்க பழியைச் சுமந்துக்கிட்டு இருக்காங்க. அவன் வாயைத் திறக்க மாட்டேங்குறான்.”

“யாரு அந்த ஒருத்தன்?”

லேபிள் முழுசாக உரிந்து வந்துவிட்டது. அதை நாலாக மடித்தான்.

“நான்தான்,” என்றான்.

2

தொடக்கம் எழுதுவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது.

முதல் முயற்சி: “பச்சைப் பசேல் என்ற குன்றுகளுக்கு நடுவே பாம்பாக வளைந்து நெளிந்து சென்ற” — மலைச்சாலை என்று எழுதினாலே ஒரு பாம்பு வந்து படுத்துக்கொள்கிறது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது முயற்சி: “அவன் நல்லவன்.” இதை அடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் முதல் வரியிலேயே ஒருத்தனை நல்லவன் என்று சொல்லிவிட்டால், அடுத்த பக்கத்தில் அவன் என்ன செய்யப்போகிறான் என்று நீங்கள் உஷாராகிவிடுவீர்கள். அடித்துவிட்டேன்.

மூன்றாவது: “அந்தக் குழி பெரிசு கூட இல்லை.” இது அவனே சொன்னது. வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் குழிக்கு வருவதற்கு முன் கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. முன்னால் போகிறவர் சாலையில் குழியைப் பார்த்தால், ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து விரலால் அதைக் காட்டுவார். ஏனென்றால் பின்னால் ஒட்டி வருகிறவருக்குச் சாலையே தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் முன்னால் போகிறவரின் முதுகும் சக்கரமும்தான். அந்தக் கையைப் பார்த்து அவர் ஒதுங்குவார். ஒதுங்கிக்கொண்டே தன் கையால் அடுத்தவருக்குக் காட்டுவார். இப்படி ஒவ்வொரு கையாக மாறி, குழி இருக்கிற சேதி கடைசி ஆள் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஒருத்தர் காட்டத் தவறினால் அவருக்குப் பின்னால் இருக்கிறவருக்குச் சேதி கிடையாது.

என் தம்பிக்கு ஒரு கையால் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

3

இங்கேதான் எனக்கு அந்தப் பாத்திரத்தின் மேல் முதல் சந்தேகம் வந்தது. நாற்பதை நெருங்குகிற ஆள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிற வேலை. தலைமுடி கனத்தில் ஒரு ஸ்க்ரூவைத் திருகுகிற கை அது. அந்தக் கைக்கு ஹேண்டில்பாரை ஒரு நொடி விடத் தெரியவில்லை என்றால் எந்த வாசகர் நம்புவார்? காரணம் வேண்டும். தயாரித்தேன்.

[பத்து வயதில் சுவரேறிக் குதித்தபோது இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த அன்று அப்பா அவனைச் சைக்கிளில் ஏற்றி]

அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

“எனக்கு எப்ப கை உடைஞ்சுது?”

“உடையலை. கதைக்காக.”

“வேண்டாம்க்கா. படிக்கிறவங்க பாவம்னு நினைச்சுடுவாங்க.”

அன்றைக்கு அவன் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது என்றால் அந்த இடத்தில்தான். ஆகவே காரணம் கிடையாது. சிலருக்கு விசில் அடிக்க வராது. இவனுக்கு இது வரவில்லை.

தொப்பை போட்டதால் குரூப்பில் சேர்ந்தான். சேர்ந்த அன்றைக்கே கை காட்டும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். கடைக்குப் பின்னால், குப்பைத்தொட்டிகள் வைக்கிற சந்தில், ஷட்டரை இறக்கிய பிறகு தனியாகப் போய்ப் பழகிப் பார்த்தான். இடது கையின் விரல்களைத் தூக்கும்வரை ஒன்றுமில்லை. உள்ளங்கையும் கிளம்பியதும் முன்சக்கரம் குடித்தவனைப் போல ஆடியது. சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். நாலைந்து தடவைக்குப் பிறகு விட்டுவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சின்னப் பசங்க ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டுறாங்க. நான் போய், எனக்கு ஒரு கை விட வராதுன்னு சொல்லணுமா?”

பிறகு அவனே ஒரு வழியைக் கண்டுபிடித்தான். கூட்டத்தில் கை காட்டத் தேவையே இல்லாத இடம் ஒன்றுதான். கடைசி இடம். அங்கே பின்னால் யாரும் கிடையாது. அதனால் எப்போது பார்த்தாலும் கடைசியில் வந்தான். முன்னால் போகச் சொன்னால் “நீங்க போங்க, நான் பார்த்துக்கிறேன்” என்றான். யாருக்காவது டயர் பஞ்சரானால் கூட நின்றான், யாருக்காவது மூச்சு வாங்கினால் தண்ணீர் கொடுத்தான். குரூப்பின் கேப்டன், மருந்துக்கடை வைத்திருப்பவர், இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: “எல்லாரும் முன்னாடி ஓடத்தான் பார்ப்பாங்க. பின்னாடி இருந்து பார்த்துக்கிற மனசு ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான் வரும்.” சொல்லி ஒரு ஆரஞ்சு நிற மேல்சட்டையைப் போட்டுவிட்டார். அது கடைசியாக வந்து எல்லாரையும் கரைசேர்க்கிற ஆளுக்கான சட்டை. அன்றிலிருந்து அவன் பெயர் வால். அம்மாவுக்குத் தெரிந்தால் ஆச்சரியப்பட்டிருப்பாள். சின்ன வயதில் அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவ்வளவு சாது.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஒளிந்துகொள்ளப் போன இடத்தில் அவன் நிஜமாகவே நன்றாக வேலை செய்தான். அந்தச் சட்டை போட்ட பிறகு அந்தக் குரூப்பில் யாரும் வழியில் தனியாக நின்றதில்லை.

4

மலைச்சுற்று என்று வருஷத்துக்கு ஒரு தடவை நடத்துவார்கள். பல ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஹேண்டில்பாரில் நம்பர் அட்டை, சாலையில் சுண்ணாம்பால் அம்புக்குறி, நடுவில் ஒரு ஷெட்டில் தண்ணீரும் வாழைப்பழமும். வயல்களுக்கு நடுவே தொடங்குகிற சாலை கொஞ்ச தூரத்திலேயே ஏறத் தொடங்கி, இறங்கி, மறுபடி ஏறும். பந்தயம் இல்லை. ஆனாலும் எல்லாரும் பந்தயம் மாதிரிதான் போவார்கள்.

அன்று கடைசியில் வந்தது இரண்டே பேர். ஒன்று வால். இன்னொன்று டிரைவரம்மா.

இவரும் அதே குரூப்தான், நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அவ்வளவு பெரிய வண்டியைச் சந்து பொந்தெல்லாம் நுழைத்து எடுக்கிறவருக்குச் சைக்கிளில் மட்டும் இறக்கம் என்றால் கிலி. ஏற்றத்திலும் மெதுவாகத்தான் வருவார். வரும்போது பேசிக்கொண்டே வருவார்.

“வால் தம்பி, இது முடியுமா முடியாதா?”

“அந்த வளைவு தாண்டினா சமதளம்தான்.”

“போன வளைவுலயும் இதைத்தான் சொன்னீங்க.”

“அப்ப பொய் சொன்னேன். இப்ப நிஜம்.”

அவர் சிரித்து, சிரித்ததில் மூச்சு வாங்கி, இறங்கி நின்றார். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

“உங்க அக்கா கதை படிச்சேன். டெர்மினஸ்ல வண்டி நிக்கிறப்ப படிப்பேன். நல்லாத்தான் எழுதுறாங்க. ஆனா முடிவே இருக்க மாட்டேங்குது. பஸ்ஸை நடுரோட்டுல நிறுத்திட்டு, எல்லாரும் இறங்கி நடந்து போங்கன்னு சொன்ன மாதிரி இருக்கு. நான் அப்படிப் பண்ணினா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சுடுவாங்க.”*

உச்சிக்கு வந்தார்கள். மறுபக்கம் சாலை சரசரவென்று கீழே விழுந்தது. தூரத்தில் மற்றவர்கள் வண்ணப் பொட்டுகளாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் ஒருவர் மட்டும் செருப்புப் பட்டையைச் சரிசெய்ய நின்று அப்போதுதான் கிளம்பினார். டிரைவரம்மா பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, ஒண்ணு கேட்டா செய்வீங்களா? இன்னைக்கு நீங்க முன்னாடி போங்க. நான் உங்க பின்னாடியே வர்றேன். உங்க கையைப் பார்த்துக்கிட்டே இறங்கினா எனக்குப் பயம் தெரியாது.”

அவன் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். “எனக்குக் கை காட்ட வராது டிரைவரம்மா.” ஒரே ஒரு வாக்கியம். அந்தக் காற்றில் இரண்டு பேரைத் தவிர வேறு காது கூட இல்லை. அவர் சிரித்திருப்பார், அவனும் சிரித்திருப்பான், இந்தக் கதை இந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

“சரி, வாங்க,” என்றான்.

* இதைச் சொன்னபோது தம்பி சிரித்தான். அன்று மதியம் அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5

இறக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பாலம். தார்ச்சாலை பாலத்தைத் தொடுகிற இடத்தில் பெயர்ந்து ஒரு குழி. அந்தக் குழி பெரிசு கூட இல்லை. பல் டாக்டர் அதைப் பார்த்தார், இடது கையை எடுத்தார், விரலால் காட்டினார், ஒதுங்கிப் போனார். வால் அந்தக் கையைத் தெளிவாகப் பார்த்தான்.

அவன் தன் இடது கையை

அவன் கையை எடுக்கப் போன அந்த

எடுக்க முயன்றும் அவன் விரல்கள்

மூன்று தடவை எழுதிவிட்டேன். மூன்றிலும் அவன் கையை எடுக்க ஒரு முயற்சி செய்கிறான். கூடப்பிறந்தவன் ஆயிற்றே, பேனா தானாக அவன் பக்கம் சாய்கிறது. நடந்தது இதுதான்: அவன் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குழியைச் சுற்றி ஒதுங்கிப் போய்விட்டான்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. தகர டப்பாக்களை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி.

திரும்பி ஓடினான். டிரைவரம்மா சாலையோரப் புல்லில் உட்கார்ந்து இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. பல் டாக்டர் ஓடிவந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் காத்திருந்த கேப்டன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தார். குழியைப் பார்த்தார், பிறகு வாலைப் பார்த்தார்.

“ஏன், கை காட்டலையா?”

அவன் வாயைத் திறப்பதற்குள் டிரைவரம்மா முந்திக்கொண்டார்.

“அவர் காட்டாம இருப்பாரா? என் தப்புங்க. இவர் முன்னாடி போறார்ங்கிற தைரியத்துல ஒரு நிமிஷம் தலையைத் தூக்கி அந்த வயலைப் பார்த்தேன். இறக்கத்துல நான் வேடிக்கை பார்த்ததே இல்லை. அப்பதான் காட்டியிருக்காரு. நான் கவனிக்கலை.” பிறகு அவனைப் பார்த்து, வலியோடு, “மன்னிச்சுக்கங்க தம்பி. உங்க பேரைக் கெடுத்துட்டேன்,” என்றார்.

அதற்கு அவன் ஒரு பதில் சொன்னான். அதை என்னிடம் சொல்வதற்கு அவனுக்கு வெகு நேரம் பிடித்தது. சிங்க்கில் தேங்கியிருந்த தண்ணீர் கூட அதற்குள் தானாக வடிந்துவிட்டது.

“பரவாயில்லை, விடுங்க,” என்று சொன்னானாம்.

கை காட்டாததைக் கூட நான் பொறுத்துக்கொண்டேன். தன் தப்புக்கு அவரை மன்னித்துவிட்டு வந்திருக்கிறானே, அதைக் கேட்டபோது எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. எழுந்து போய் சிங்க்கைக் கழுவினேன்.

6

(இந்தப் பகுதியை எடுத்துவிடச் சொன்னான். எடுக்கவில்லை.)

“கை வரலை, சரி. வாய் எங்கடா போச்சு?”

லேபிளை இன்னும் ஒரு மடிப்பு மடித்தான்.

“குழின்னு ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல?”

“போட்டிருக்கலாம்.”

“காத்துல கேட்டிருக்காதோ?”

இந்தக் கேள்வியை நானே எடுத்துக்கொடுத்தேன் என்பதைக் கவனிக்கவும். ஆமாம் என்று அவன் சொல்லியிருந்தால் நான் அப்படியே எழுதிக்கொண்டு போயிருப்பேன்.

“கேட்டிருக்கும்க்கா. பக்கத்துலதான் வந்தாங்க.”

“அப்புறம்?”

“கத்தினா, கையை ஏன் காட்டலைன்னு கேட்பாங்க.”

“அந்த நேரத்துல அதையெல்லாம் யோசிச்சியா?”

“யோசிக்கலை.” லேபிளைப் பிரித்துக்கொண்டே, “யோசிக்கலைன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப நீ கேட்கிறப்ப, யோசிச்சேன்னுதான் தோணுது,” என்றான்.

7

டிரைவரம்மாவுக்குக் காலர் எலும்பு முறிந்திருந்தது. எலும்பு கூடுகிற வரைக்கும் வண்டி எடுக்க முடியாது. அது ஆறிவிடும். ஆறாதது வேறு.

கழுத்திலிருந்து கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு நாள் அவன் கடைக்கு வந்தார். கடையின் பின்பக்கம் பரிசோதனை அறை. ஒரு நாற்காலி போட்டால் கதவை முழுசாகத் திறக்க முடியாத அறை. எதிர்ச் சுவரில் வெளிச்சம் போட்ட எழுத்துப் பலகை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்:

“நல்லாப் பார்த்துச் சொல்லுங்க தம்பி. டிப்போல சொல்லிட்டேன், எலும்பு கூடினாலும் ஸ்டியரிங் வேண்டாம், டிக்கெட் கவுண்டர்ல உட்கார வைங்கன்னு. முன்னாடி ஒருத்தர் காட்டின கையைப் பார்க்காதவ, வண்டி நிறைய ஆளை வச்சு ஓட்டலாமா? மேனேஜர்தான், முதல்ல கண்ணைக் காட்டிட்டு வாம்மான்னார்.”

“ம்.”

“கண்ணுல கோளாறுன்னு சொல்லிடுங்க. கண்ணாடி போட்டா சரியாயிடும்ல? கவனம்தான் போச்சுன்னா அதுக்கு எந்தக் கடைல கண்ணாடி விக்கிறாங்க?”

அவன் விளக்கை அணைத்தான். வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிற சோதனை ஃப்ரேமை அவர் மூக்கில் மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டான். “முதல்ல தெரிஞ்சது தெளிவா, இப்ப தெரியறதா?” வாய் தன் பாட்டுக்குக் கேட்டது. எந்த வில்லையும் தேவைப்படவில்லை. வெறும் கண்ணால் அவர் கடைசி வரியைத் தடங்கல் இல்லாமல் படித்தார். பஸ் கண்ணாடியில் எழுத்துகளை இடவலம் மாறிப் பார்த்த பழக்கதோஷத்தில் வலமிருந்து இடமாகவும் படித்தார். அவ்வளவு நல்ல கண்ணை அவன் அந்த வருஷத்தில் பார்த்திருக்கவில்லை.

அறை இருட்டாக இருந்தது. அவர் முகம் அவனுக்குத் தெரியவில்லை, அவன் முகமும் அவருக்குத் தெரியாது. சொல்வதற்கு இதைவிடத் தோதான இடம் உலகத்தில் கிடையாது. நான் எழுதியிருந்தால் அங்கேயே சொல்ல வைத்திருப்பேன்.

“லேசா பவர் இருக்கு,” என்றான்.

“இருக்கா?”

“நேர்ப் பார்வை நல்லாருக்கு. ஓரப் பார்வைலதான் கொஞ்சம் சிக்கல். கண்ணாடி போட்டுக்கிட்டா போதும், தாராளமா வண்டி ஓட்டலாம்.”

ஓரப் பார்வைக்குக் கண்ணாடி என்று ஒன்று எங்கேயும் கிடையாது. அவருக்கு அது தெரியாது. நல்லவேளை, இவ்வளவுதானா என்று அந்த இருட்டில் அவர் அழுதுவிட்டார். அவன் ஜன்னலுக்குப் போடுகிற மாதிரி வெறும் கண்ணாடியை வெட்டி, நல்ல ஃப்ரேமில் பொருத்தி, மெல்லிய துணியால் துடைத்து, தன் கையாலேயே காதில் மாட்டிவிட்டான். அவர் வாசலில் நின்று தெருவைப் பார்த்தார்.

“எவ்வளவு பளிச்னு இருக்கு தம்பி,” என்றார்.

8

இப்போது நீங்கள் கேட்கலாம்: இதில் என்ன நஷ்டம்? வேலை திரும்பக் கிடைத்தது. மனசு நிம்மதியானது. பொய்தான், ஆனால் யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். இதுவே முடிவாக இருந்துவிட்டுப் போகட்டுமே?

நானும் அதைத்தான் கேட்டேன். தம்பி ஒவ்வொன்றாகச் சொன்னான்.

டிரைவரம்மா ஒரு நாள் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு டிப்போவுக்கு வந்திருக்கிறார். கண்ணாடி இல்லாமல் வண்டியைத் தொட மாட்டேன் என்று அடம்பிடித்து அன்றைய ட்யூட்டியையே விட்டுக்கொடுத்திருக்கிறார். பார்க்கிறவர்களிடமெல்லாம் வால் தம்பிதான் என் கண்ணைத் திறந்துவிட்டார் என்று சொல்கிறார். அவர் சொல்லி அனுப்பி இன்னும் இரண்டு டிரைவர்கள் கடைக்கு வந்தார்கள். கேப்டன் கூட்டத்தில் இதை ஒரு முன்மாதிரியாக எடுத்துப் பேசினார்.

இதையெல்லாம் விழுங்கிக்கொண்டு இருந்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அன்று காலை, அவன் என் வீட்டுக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், டிரைவரம்மா சைக்கிளோடு குரூப்புக்கே திரும்பி வந்துவிட்டார். எலும்பு கூடிவிட்டது. அடுத்த மலைச்சுற்று நெருங்குகிறது. எல்லார் முன்னாலும் கண்ணாடியை விரலால் ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார்:

“இந்தத் தடவையும் நான் வால் தம்பி பின்னாடிதான் இறங்குவேன். இப்ப எனக்குக் கண்ணு தெரியுது. அவர் கை காட்டினா பார்த்துடுவேன்.”

கைதட்டினார்களாம். அங்கிருந்து நேராக என் சமையலறைக்கு வந்திருக்கிறான்.

9

ஆக, எனக்கு அவன் கொடுத்த வேலை என்ன என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

“நீ எழுதி எங்கயாவது போடுக்கா. அவங்க உன் கதையைப் படிப்பாங்க. படிச்சாப் புரிஞ்சுக்குவாங்க. நான் நேர்ல சொல்ல வேண்டியது இல்லல்ல?”

எனக்கு வந்த கோபத்தில் ஜாம் பாட்டிலைத் தூக்கிப் போட்டிருப்பேன். இங்கேயும் அவனுக்குக் கையை எடுக்க மனசில்லை. என் கையைக் கேட்கிறான்.

இருந்தாலும் எழுத உட்கார்ந்தேன். சில முடிவுகளைப் போட்டுப் பார்த்தேன்.

ஒன்று. டிரைவரம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும். அவன் கை காட்டாததைப் பார்த்தார். அது வெறும் கண்ணாடி என்பதும் தெரியும். அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார். வாசிக்க அழகாக இருக்கும். ஆனால் இது அவரைத் தெய்வமாக்கி இவனைத் தப்பவைக்கிற வேலை. அவருக்கு எதுவும் தெரியாது. அவர் நம்பினார், அவ்வளவுதான்.

இரண்டு. அவன் முழங்கால் வலி என்று சொல்லிக் குரூப்பை விட்டு விலகுகிறான். அவர் வேறொருவருக்குப் பின்னால் பத்திரமாக இறங்குகிறார். கண்ணாடியை ஆயுசுக்கும் போட்டுக்கொண்டிருக்கிறார். (இதை அவனே யோசித்து வைத்திருந்தான். முழங்கால் பட்டி கூட வாங்கிவிட்டான்.)

மூன்று. அவன் ஒரு கையால் ஓட்டக் கற்றுக்கொள்கிறான். மறுபடி அந்த இறக்கம், அந்தப் பாலம், அதே குழி, இந்தத் தடவை கை எழுகிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் கிழித்தேன். கை எழுந்தாலும் அவர் கண்ணில் அந்தக் கண்ணாடி இருக்கிறதே.

நான்கு.

நான்கை எழுதவில்லை. எட்டுப் பகுதி வரைக்கும் பிரிண்ட் எடுத்து அவனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

“இதை அவங்ககிட்ட நீயே கொண்டுபோய்க் கொடு. இல்லை, கொடுக்காமலே சொல்லு. நீ சொல்ற வரைக்கும் நான் இதை எங்கயும் அனுப்ப மாட்டேன். உனக்கு வாக்கு தர்றேன்.”

“நான் சொல்லலைன்னா?”

“அனுப்ப மாட்டேன்னு சொன்னேன்ல.”

“நான் சொல்லாமலே மலைச்சுற்று வந்துடுச்சுன்னா?”

பதிலுக்காக அவன் நிற்கவில்லை. தாள்களைச் சுருட்டிச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். கையில் பிடித்துக்கொண்டு ஓட்ட அவனால் முடியாதே. நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து போனான். தெருமுனையில் கை காட்டாமல் திரும்பினான். பின்னால் வந்த வேன் ஹாரனை நீளமாக அடித்தது. அந்தப் பக்கம்தான் அவன் வீடு. டிப்போவும் அந்தப் பக்கம்தான்.

கடைசிப் பகுதி

நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. அவன் போய்ச் சொல்லிவிட்டான், அதனால் நான் அனுப்பினேன். அல்லது அவன் சொல்லவில்லை, மலைச்சுற்றும் நெருங்கிவிட்டது, நான் கூடப்பிறந்தவனுக்குக் கொடுத்த வாக்கை மீறி அனுப்பிவிட்டேன். முதலாவதில் அவன் கொஞ்சம் தேறுகிறான். இரண்டாவதில் எங்கள் இரண்டு பேருக்கும் வெட்கம்தான் மிச்சம். எது நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. எது தெளிவாகத் தெரிகிறதோ அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாரும் இந்த இடத்தில் இறங்கிக்கொள்ளலாம், நடுரோடுதான், மன்னிக்கவும்.

ஒரே ஒருத்தர் மட்டும் உட்கார்ந்திருங்கள்.

டிரைவரம்மா, என் கதைகளில் வண்டி கடைசி நிறுத்தம் வரைக்கும் போவதில்லை என்றீர்கள். இந்தத் தடவை போகிறது. இதை நீங்கள் டெர்மினஸில், உங்கள் சீட்டில் உட்கார்ந்துதான் படிப்பீர்கள். அன்றைக்கு அந்தப் பாலத்தில் யாரும் உங்களுக்குக் கை காட்டவில்லை. நீங்கள் வயலைப் பார்த்ததில் ஒரு தப்பும் இல்லை.

கண்ணாடியைக் கழற்றுங்கள். எதிரே தூரத்தில் நிற்கிற பஸ்ஸின் நம்பரைப் படியுங்கள்.